கம்பத்தக்காவும் மூன்று ஊர்களின் ஊராட்சியும்

அந்த ஊராட்சி மூன்று ஊர்களைச் சேர்த்து உண்டானது. மேட்டில் ஓர் ஊர், ஆற்றோரம் ஓர் ஊர், பெரிய சாலைக்குப் பக்கத்தில் ஓர் ஊர். அலுவலகம் எங்கள் ஊரில்தான் வர வேண்டும் என்று மூன்று ஊர்க்காரர்களும் மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் ஊருக்கு ஓர் ஆள் ஒரே நேரத்தில் நடக்கத் தொடங்கி, மூவரும் சந்திக்கும் இடத்தில் கட்டிவிடுவது என்று பேசி முடித்தார்கள். சந்திப்பு தன் ஊர்ப் பக்கமே வரட்டும் என்று ஆற்றோரத்து ஆள் வேண்டுமென்றே ஆமை நடை நடந்தார் என்று மற்ற இரண்டு ஊரும் இன்றுவரை சொல்லும். எப்படியோ, நடுப்பொட்டலில், யார் வீட்டுக்கும் பக்கமில்லாமல், ஓட்டுக் கூரையோடு இரண்டு அறை அலுவலகம் எழும்பியது. பின்னால் காவல்காரருக்கு ஒரு சின்ன அறை.

காவல்காரரின் மனைவியாக அந்த அறைக்கு வந்தவள்தான் கம்பத்தக்கா. கணவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு முப்பது வயதுகூட இல்லை. பிள்ளையும் இல்லை. ஊராட்சித் தலைவர் அந்த வேலையை அவளுக்கே கொடுத்தார். கடவுள் ஒரு கதவை அடைத்தாலும் ஆளைத் தெருவில் நிறுத்துவதில்லை என்று அன்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்தப் பெயர் வந்த காரணம் இதுதான். ஊராட்சி எழுத்தருக்கு மூன்று ஊரிலும் வேலை இருக்கும்; எந்த நேரம் நாற்காலியில் இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. ஜனங்கள் வெயிலில் நடந்து வந்து, பூட்டைப் பார்த்துவிட்டு, வாயில் வந்ததைச் சொல்லித் திரும்பிப் போவார்கள். அதற்காக வாசலில் ஓர் உயரமான கம்பம் நட்டார்கள். எழுத்தர் நாற்காலியில் உட்கார்ந்ததும் வெள்ளைத் துணி ஏற வேண்டும். எழுந்து போனால் இறங்க வேண்டும். மூன்று ஊரிலிருந்தும் அது தெரியும். ஏற்றுவதும் இறக்குவதும் அவள் வேலை. இருபத்தாறு வருஷம் அதில் ஒரு நாள் தவறியதில்லை. நாற்காலி கிறீச்சிட்டால் போதும், அவள் கை கயிற்றுக்குப் போய்விடும்.

அப்புறம் ஊராட்சியைக் கலைத்து நகராட்சியோடு சேர்த்துவிட்டதாக உத்தரவு வந்தது. எழுத்தரை வேறிடத்துக்கு மாற்றினார்கள். தலைவர் மாலையைக் கழற்றிவைத்ததுபோல் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். கம்பத்தக்காவுக்கு வேலை மட்டும் போகவில்லை, இருக்கிற கூரையும் சேர்ந்தே போனது. திங்கட்கிழமை அதிகாரி வந்து கட்டடத்தைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போவார், அதற்குள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்றார்கள்.

தம்பி ஒரு லோடு வண்டியோடு காலையிலேயே வந்துவிட்டான். நல்ல பிள்ளை. ஆனால் அவன் வீட்டில் இருந்ததே ஒன்றரை அறை, அதில் ஐந்து பேர்.

"அக்கா, கட்டிலைத் தூக்கவா?"

"அதிகாரி வந்து பார்க்கட்டும்டா. சொல்லாம எடுத்துட்டுப் போனோம்னு பேர் வரக்கூடாது."

"உன் கட்டிலை நீ எடுக்கிறதுக்கு யார்கிட்ட கேக்கணும்?"

"கேட்டா குறைஞ்சா போயிடுவோம்?"

ஒன்பது மணிக்கு அதிகாரி வந்தார். இளவயது, சலவைச் சட்டை, கையில் பொருள் பட்டியல். மேசை ஒன்று, நாற்காலி நான்கு, பீரோ ஒன்று என்று சரிபார்த்தவர், கால் வலித்ததோ என்னவோ, எழுத்தரின் நாற்காலியில் உட்கார்ந்தார். கிறீச்.

கம்பத்தக்கா வாசலுக்குப் போனாள். துணியை ஏற்றினாள். திரும்பி வந்து துடைப்பத்தை எடுத்தாள். தான் என்ன செய்தோம் என்பது அவளுக்கே தெரியாது.

அரை மணி நேரத்தில் மேட்டிலிருந்து ஒரு கூட்டம் இறங்கியது. ஆற்றோரத்துக்காரர்களும் சாலைப்பக்கத்துக்காரர்களும் பின்னாலேயே வந்தார்கள். எல்லார் கையிலும் காகிதம். உத்தரவு வந்த நாளிலிருந்து எங்கே போவது என்று தெரியாமல் வீட்டிலேயே வைத்திருந்த காகிதங்கள். நகராட்சிக்குப் போக வேண்டுமானால் இரண்டு பேருந்து மாற வேண்டும். அங்கே எந்த ஜன்னலில் நிற்பது என்று கேட்கவும் ஆளில்லை.

அதிகாரி எட்டிப் பார்த்துத் திகைத்தார். "என்ன இது? யாரும்மா இவங்களை எல்லாம் வரச் சொன்னது?"

கம்பத்தக்கா நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்தாள். துணி ஆடிக்கொண்டிருந்தது. "நான்தான் சார். நீங்க உக்காந்தீங்க. கை தானா போயிடுச்சு."

"நான் பூட்ட வந்திருக்கேன்மா!"

தம்பி அவள் காதருகே வந்தான். "போற நேரத்துல உனக்கு இந்த வம்பு தேவையா?"

ஆண்டவனே, இவங்களை வெறுங்கையோடு அனுப்ப வச்சிடாதே என்றுதான் அவள் மனம் ஓடியது. தன் அறை அந்த நேரம் நினைவிலேயே இல்லை.

ஆற்றோரத்துப் பெரியவர் ஒருவர் தடியை ஊன்றி முன்னால் வந்தார். "தம்பி, பென்ஷனுக்கு, நான் உயிரோட இருக்கேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வருஷா வருஷம் வாங்கறதுதான். இன்னைக்கே குடுத்துட்டா நல்லது, நாளைக்கு நீங்க பொய் சொன்னதா ஆயிடும்."

கூட்டம் சிரித்தது. சாலைப்பக்கத்து வாத்தியார் விடவில்லை. "இவரை நம்பாதீங்க சார், ஆத்தோரத்துக்காரர். பரம்பரையா மெதுவாத்தான் போவாங்க. இன்னும் முப்பது வருஷம் இருப்பாரு."

அதிகாரிக்கும் உதட்டில் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவருக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். பிள்ளை பிறந்து ஒரு மாதம் ஆகியும் எங்கே பதிவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதிகாரி குழந்தையைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார். பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"ஊராட்சி முத்திரை இனிமே செல்லாது. வாங்கிக்கிட்டேன்னு சீட்டு மட்டும் எழுதித் தர்றேன். வரிசையா வாங்க."

அன்று அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. எழுதத் தெரியாதவர்களுக்குத் தம்பி விண்ணப்பம் எழுதினான். வண்டியைத் திருப்பித் தர வேண்டிய நேரம் தாண்டி, வண்டிக்காரன் இரண்டு முறை ஆள் அனுப்பித் திட்டினான். கம்பத்தக்கா தண்ணீர் கொடுத்தாள், யார் முன்னால் வந்தது யார் பின்னால் வந்தது என்ற சண்டையைத் தீர்த்தாள். மாலையில் அறுபத்துமூன்று விண்ணப்பம் சேர்ந்திருந்தது.

அதிகாரி கைவிரல்களை நெட்டி முறித்தார். "இத்தனை பேருக்கு இங்க வேலை இருக்கும்னு எங்க ஆபீஸ்ல யாருக்கும் தெரியாதும்மா. வாரத்துல ஒரு நாள் இங்க உக்கார முடியுமான்னு கேட்டுப் பாக்கறேன். குடுப்பாங்களான்னு சொல்ல முடியாது. பதில் வர்ற வரைக்கும் பூட்டலை, நீங்களே இருங்க."

தம்பி வண்டியை வெறுமையாகவே ஓட்டிப் போனான். ஆனால் அவள் சாமான் மூட்டைகளை அவிழ்க்கவில்லை. கிடைக்காத ஒன்றுக்கு ஆசைப்பட்டுவிடக் கூடாது என்று, ஒரு தட்டும் ஒரு சட்டியும் மட்டும் வெளியே வைத்து மூன்று வாரம் சமைத்தாள். கேட்டது கிடைக்காவிட்டாலும் மனம் கசக்காமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் வேண்டிக்கொண்டாள்.

நான்காவது திங்கட்கிழமை அதே அதிகாரி ஒரு காகிதத்தோடு இறங்கினார்.

"படிக்கட்டுமா?"

"படிங்க சார்."

திங்கள்தோறும் அலுவலகம் திறக்கும் என்று படித்தார். பெரிய பெரிய சொற்கள் வந்தன. அவளுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. இடையில் மறித்தாள்.

"சார், நான் இங்க இருக்கலாமா?"

அவர் விரலால் ஒரு வரியைத் தேடினார். "இருக்கலாம்னு இல்லம்மா. காவலாளி பின்னறையில குடியிருக்கணும்னு போட்டிருக்கு."

அவள் உள்ளே போய் முதல் மூட்டையின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். மூன்று வாரத்தில் அது இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்துத்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது.