சும்மா இருக்க வந்த ஆள்

திண்டுக்கல்லில் ஒரு வாரம் சும்மா இருந்தேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

ஐம்பத்திரண்டு வயதில் அச்சகத்தில் பேப்பர் வெட்டும் வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போகத் தொடங்கினேன். கல்யாணம் ஆகவில்லை. கோவில்பட்டியில் அக்கா வீட்டு மாடியில்தான் இத்தனை வருடமும் இருந்தேன். ஒரு பை, இரண்டு சட்டை, இரண்டு கைலி, துணி காயப்போட ஒரு நைலான் கயிறு. ஓர் ஊரில் ஒரு வாரம், பத்து நாள். மலிவான லாட்ஜ், மலிவான சாப்பாடு. கோயில் பார்க்கவோ மலை பார்க்கவோ போகவில்லை. என் பெயர் தெரியாத ஊரில் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அக்கா ஒரே ஒரு நிபந்தனையோடுதான் விட்டாள். எந்த ஊரிலிருந்தாவது உன்னைப் பற்றி ஒரு பேச்சு வந்தால் அன்றோடு சரி, வீட்டுக்கு வந்துவிட வேண்டும். எட்டு மாதம் ஒரு பேச்சும் வரவில்லை. திண்டுக்கல்லிலிருந்து வந்தது.

நான் வந்த ரயில் பெட்டி கொடைரோட்டில் பாதிக்கு மேல் காலியானது. மலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் இறங்கினார்கள். நான் திண்டுக்கல்லில் இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை கேட்டேன். மேனேஜருக்கு நாற்பது வயது இருக்கும்.

"கல்யாண வீடாண்ணே?" என்றார்.

"இல்ல."

"கோர்ட்டுல கேஸ் கீஸ்?"

"இல்ல."

"ஆஸ்பத்திரியில யாரும் இருக்காகளா?"

"இல்ல தம்பி. சும்மாதான்."

"சும்மாவா? ஒரு வாரமா? சும்மா இருக்கதுக்கு திண்டுக்கல்லுல என்னண்ணே இருக்கு?"

பதில் தெரியாத இடத்தில் சிரித்துவிடுவது என் வழக்கம். சிரித்தேன். அவசரத்துக்கு ஒரு நம்பர் கேட்டார். அக்காவின் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் அறை கூட்ட வந்த அம்மா, ஜன்னல் கம்பியிலிருந்து ஆணிக்கு நான் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தார். கூட்டாமலே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மேனேஜர் வந்தார்.

"ரூம்ல கயிறு கட்டக் கூடாதுண்ணே. துணிய மொட்டமாடில காயப்போடுங்க. இது எங்கிட்ட இருக்கட்டும், போறப்ப வாங்கிக்கங்க."

அவரே அவிழ்த்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். சுவர் பெயின்ட் கெட்டுவிடும் என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அதிலிருந்து கதவைத் தட்டத் தொடங்கினார்கள். காலையில் "தண்ணி வேணுமாண்ணே?" மத்தியானம் "சாப்டீங்களா?" சாயங்காலம் "ஃபேன் ஓடுதா?" எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேனே என்பதுதான் இப்போது என்னை அதிகம் எரிக்கிறது.

மற்றபடி நல்ல நாட்கள் அவை. காலையில் பேகம்பூர் வரை நடப்பேன். அங்கே ஒரு டீக்கடையில் மூன்றாம் நாளே கேட்காமல் சர்க்கரை குறைத்துக் கொடுத்தார்கள். வேறு ஒன்றும் விசாரிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, கடைகளின் ஷட்டர் ஒவ்வொன்றாக ஏறுவதைப் பார்ப்பேன். திரும்பி வந்து பேப்பரை விளம்பரம் வரை படிப்பேன். மத்தியானம் தூங்குவேன். இதற்காகத்தான் முப்பது வருடம் காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் படியிறங்கினேன்.

"எங்கண்ணே கெளம்பிட்டீங்க?"

"ஆத்தூர் டேம் வரைக்கும்."

மேனேஜரின் முகம் மாறியது. "டேமுக்கா? தனியாவா? இப்ப தண்ணி நெறையக் கெடக்குண்ணே."

"தண்ணி பாக்கத்தான் போறேன்."

"வேணாம்ணே. வெயிலு கொல்லுது."

"அப்பச் சரி, மலைக்கோட்டைக்கு ஏறிட்டு வாரேன்."

அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "மலையும் வேணாம்ணே! ரூம்ல இருங்க, நான் டீ சொல்றேன்."

எதிர்த்துப் பேசத் தெரியாமல் மாடிக்குத் திரும்பினேன். அன்று முழுக்க என்மேல்தான் கோபம்.

நாலாம் நாள் மத்தியானம் அக்காவிடமிருந்து போன். எடுத்ததுமே அழுகை.

"ஏலே, ஒனக்கு நான் என்னலே கொறை வச்சேன்?"

மேனேஜர் அவளைக் கூப்பிட்டிருக்கிறார். உங்கள் தம்பி யாரிடமும் பேசுவதில்லை, அறைக்குள்ளேயே கிடக்கிறார், கயிறு வைத்திருந்தார், டேமுக்குப் போகிறேன் என்கிறார், மலைக்கு ஏறுகிறேன் என்கிறார் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. நான் சாக வந்தவன் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள்.

"நாளைக்கே பஸ் ஏறு. இல்லைன்னா ஒங்க அத்தானக் கூட்டிக்கிட்டு நானே வாரேன்."

"அக்கா, நான் நல்லாத்தான் இருக்கேன். சும்மா..."

"சும்மா யாருலே இருப்பா?"

வைத்துவிட்டாள். செருப்புக்கூடப் போடாமல் கீழே போனேன். அச்சகத்தில் முதலாளி திட்டியபோதுகூட நான் குரலை உயர்த்தியதில்லை. எனக்குச் சத்தம் போட வராது. அன்று வந்தது, கீச்சென்று.

"யாரக் கேட்டு எங்க அக்காவுக்குப் போன் போட்டீங்க? நான் சாகப் போறேன்னு ஒங்ககிட்ட வந்து சொன்னேனா?"

மேனேஜர் பதறவில்லை. "போன வருசம் ஒருத்தர் வந்தாருண்ணே. ஒங்க வயசுதான். சும்மா வந்தேன்னாரு. என்ன கேட்டாலும் சிரிச்சாரு. நாலாம் நாளு கதவு தெறக்கல."

"நாந்தாண்ணே அன்னைக்குக் கதவத் தட்டுனது" என்றார் கூட்டுகிற அம்மா. தரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

அந்த மனிதருக்காக எனக்கு வருத்தம் வந்தது. அந்த அம்மாவுக்காகவும். ஆனாலும் கோபம் இறங்கவில்லை. நாலு பேர் கூட்டாக வந்து குடித்துக் கூத்தடித்தால் யார் வீட்டுக்கும் போன் போகாது. வேலையாக வந்தவனுக்குக் கேள்வி இல்லை. ஒருவன் தனியாக, அமைதியாக இருந்தால் மட்டும் அவன் பாதிப் பிணம். பயமாக இருந்தால் என்னிடம் கேட்டிருக்கலாம். "அண்ணே, மனசு சரியில்லையா?" என்று ஒரு வார்த்தை. தண்ணீரைப் பற்றிக் கேட்டார்கள், ஃபேனைப் பற்றிக் கேட்டார்கள், அதை மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சிரித்துத்தான் இருப்பேன். அதை நினைத்தாலும் எரிகிறது.

"நீங்களே அவளுக்குப் போன் போடுங்க. தப்பா நெனச்சுட்டேன்னு சொல்லுங்க" என்றேன்.

போட்டார். "அக்கா, அண்ணன் நல்லாத்தான்க்கா இருக்காரு. இம்புட்டு நேரமா என்னையக் கிழிகிழின்னு கிழிச்சுட்டாரு."

நான் சொன்னதை நம்பாதவள் அவர் சொன்னதை நம்பினாள். போன் என் கைக்கு வந்தது.

"நெசமாவா? நீயாலே கத்துன?"

"ஆமா."

"சரி, போகட்டும். நாளைக்கு வந்து சேரு."

"வரல."

"என்னது?"

"வரலக்கா. எப்ப வருவேன்னும் தெரியாது. இனிமே எந்த ஊர்லேர்ந்து எவன் போன் போட்டாலும் வர மாட்டேன்."

அவளிடம் அதற்குமுன் ஒருமுறைகூட நான் முடியாது என்று சொன்னதில்லை. போனை வைத்துவிட்டாள்.

வீம்புக்கு, அறை எடுத்த ஒரு வாரத்துக்கு மேல் இன்னும் மூன்று நாள் இருந்தேன். டீ குடித்துவிட்டு வந்ததும் மேனேஜர் மேசைக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். "ரூம்ல போயி செத்த நேரம் படுங்களேண்ணே" என்பார். "இங்கனயே இருக்கேன், நல்லாப் பாத்துக்கங்க" என்பேன். அந்த மூன்று நாளும் எனக்கு இனிக்கவில்லை. கோபத்தோடு சும்மா இருக்க முடியாது என்று தெரிந்துகொண்டேன்.

வழக்கமாகப் பேசும் ஞாயிற்றுக்கிழமை அக்கா போனை எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறும் எடுக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு எடுத்தாள்.

"எங்க இருக்க?"

"கரூர்ல."

"சாப்டியா?"

"சாப்டேன்."

எப்போது வருவாய் என்று அவள் கேட்கவில்லை. அவள் குரலில் இன்னும் கோபம் இருந்தது. எனக்கும்தான்.