ஆபீஸ் கூரை ஏரியல்

லிங்கிப் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்தில் அமிர்தலிங்கம்தான் வயர்மேன். அவன் மனைவி மங்கம்மாவுக்கு மூச்சிழுப்பு நோய். முற்றினால் போர்ட்டிக்சன் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். வண்டி நிற்பது ஆபீசில். கிளினிக்கோ செம்பனை மேட்டுக்கு அந்தப் பக்கம். கிளினிக்குக்குத் தொலைபேசி போட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. மருந்து கொடுக்கும் டிரெஸர் மணியம் சைக்கிளில் ஆள் அனுப்பி வண்டியை வரவழைப்பதற்குள் மங்கம்மாவின் உதடு நீலம் பாய்ந்துவிடும்.

அமிர்தலிங்கம் மானேஜரை நச்சரித்து, ஸ்டோரில் சும்மா கிடந்த இரண்டு வயர்லெஸ் பெட்டிகளை வாங்கினான். எண்பத்து மூன்றாம் வருசம் ஆபீஸ், கிளினிக் இரண்டு கூரைகளிலும் இரும்புக் கம்பம் நட்டு, மேட்டைத் தாண்டும் உயரத்தில் ஏரியல் கட்டினான். டிரெஸரின் குரல் ஆபீசில் கேட்டதும் கணக்கெழுதும் கிராணிமார் கை தட்டினார்கள். ஊருக்காகச் செய்தான் என்று மெச்சினார்கள். பொண்டாட்டிக்காகச் செய்தான், அதில் என்ன குறை? அதன் பிறகு கிளினிக் சைக்கிளை யாரோ கொண்டுபோனார்கள். யாரும் தேடவில்லை.

மறு வருசம் கோயில் திருவிழா வந்தது. பக்கத்துத் தோட்டத்துக்குக் கேட்காத திருவிழா எங்களுக்குத் திருவிழாவே இல்லை. ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் அர்ச்சுனன்தான் திருவிழாத் தலைவர். அவருக்கு ஆபீஸ் கம்பத்தின் மேல் கண்.

"அமிர்தம், ஒங் கம்பத்துலயே ஸ்பீக்கர மாட்டிரு. போன வருசம் பக்கத்து எஸ்டேட்டுக்காரன் சிரிச்சான்."

"அதுல ஏரியல் இருக்குண்ணே. ரெண்டையும் தாங்காது."

"ரெண்டு நாளைக்குக் கழட்டி வையேன் லா. ஆத்தா காரியத்துக்கு மாட்டேங்கிறியா?"

இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் எங்கள் தோட்டத்தில் எவனும் வாய் திறக்க முடியாது. அமிர்தலிங்கம் கூரை ஏறி ஏரியலைக் கழற்றினான். கிளினிக்கில் சொல்ல வேண்டும் என்று நினைத்தவன், மைக் செட் வேலையில் மறந்துபோனான்.

தீமிதி அன்று மத்தியானம். புகை ஆகாதென்று வீட்டிலேயே இருந்த மங்கம்மாவுக்கு இழுப்பு கண்டது. பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை அவளைக் கிளினிக்குக்குத் தாங்கிக் கொண்டுவந்தாள். மணியம் வயர்லெசில் கூப்பிட்டார். ஆபீசில் காவலுக்கிருந்த ஜாகா பெட்டிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கேட்டது வெறும் இரைச்சல். இதோ பதில் வரும், இதோ வரும் என்று மணியம் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். கோயில் உறுமிச் சத்தம் ஸ்பீக்கரில் கிளினிக் வரைக்கும் கேட்டது. இங்கிருந்து ஒரு சொல் அங்கே போகவில்லை. கடைசியில் பாஞ்சாலையே மேடேறி ஆபீசுக்கு ஓடினாள். வண்டி வந்தபோது மங்கம்மா போய்விட்டாள்.

"எல்லாம் விதி" என்றார் அர்ச்சுனன், சாவு வீட்டில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த விதி கூரை ஏறி நட்டைக் கழற்றியது?

காரியம் முடிந்த பிறகு அமிர்தலிங்கம் மணியத்திடம் போய் நின்றான்.

"கடைசியில ஏதும் சொன்னாளா, ஐயா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த மனுசனுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"எங் கையில இருந்த மைக்க வாங்கி மங்கம்மாவே பேசுச்சுப்பா. 'ஏங்க, கேக்குதா'ன்னுச்சு. நீ பதில் சொல்லுவேன்னு அந்தப் பெட்டியவே பாத்துக்கிட்டு இருந்துச்சு."