சின்னம் இல்லாத தேர்தல்

இன்று காலை தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் டவுன் பஸ்ஸில், பக்கத்தில் இருந்த அண்ணாச்சி கனடாவில் இருக்கும் மகனோடு ஸ்பீக்கரில் பேசிக்கொண்டு வந்தார்.

மகனின் ஊரில் ஒரு வாக்கெடுப்பு. கூடுதல் பஸ் விடுவதற்காக விற்பனை வரியைக் கொஞ்சம் உயர்த்தலாமா என்று மக்களிடமே கேட்டிருக்கிறார்கள்.

“வரி போடட்டுமான்னு கேட்டா எவம்லே போடும்பான்?”

“நான் போடுன்னுதாம்ப்பா ஓட்டுப் போட்டேன். ஜெயிச்சிரும்னுதான் எல்லாரும் சொன்னாங்க. தோத்துட்டு. இங்க எலெக்‌ஷனே குத்தாலம் சீசன் மாதிரிதான், சொன்னபடி வராது.”

“எந்தச் சின்னத்துல போட்ட?”

“சின்னம்லாம் கிடையாதுப்பா. ஆமா, இல்ல, ரெண்டே கட்டம்.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். கனடாவை நினைத்து அவருக்குப் பரிதாபமாக இருந்திருக்க வேண்டும்.

“அப்ப இனியும் வேலை முடிஞ்சு அந்தப் பனியில நடந்துதான் வீட்டுக்குப் போவியாலே?”

“ஆமாப்பா. முக்கால் மணி நேரம்.”

மேலகரம் தாண்டியதும் போனை வைத்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

“தம்பி, பஸ் சின்னம் குடுத்திருந்தா ஜெயிச்சிருக்கும்லா?”

நான் அரசியல் அறிவியலில் எம்.ஏ. பதில் யோசித்ததில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டு, நானும் நடந்துதான் வந்தேன்.

நீங்களாவது சொல்லுங்கள். ஜெயித்திருக்குமா?