ரஹ்மத் நிஷாவின் பீரோ

கேட்டவள் ஒரு வெள்ளைக்காரி. சைகோனில் தாவோ தியென் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சாப்பாட்டுப் பொறுப்பு அவளுக்கு. "உங்கள் புரோட்டாவை யார் போடுகிறார்கள்? அவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? வேலை பிடிக்காவிட்டால் விட்டுவிட்டுப் போக அவர்களால் முடியுமா?" என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான், ரஹ்மத் நிஷாவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"நான் என்ன ஆள் புடிச்சு விக்கிறவளா?" என்று வீடு வந்ததும் ஜெயத்திடம் குதித்தாள். "எல்லாம் நம்மூரு ஆளுங்க. புரோட்டா போட்டுத் தர்ற ஷம்சுல் ஆலம் நானா அஞ்சு வேளை தொழுவுற மனுஷன். இவ யாரு என்னைக் கேக்க?"

சமையலுக்கென்று ஊரிலிருந்து வரவழைக்கப்பட்டவள் ஜெயம். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

ரஹ்மத் நிஷா காரைக்கால்காரி. கல்யாணமாகி சைகோன் வந்தவள். புருஷன் மவுத்தான பிறகு டோங் டு பள்ளிவாசலுக்குப் பின்சந்தில் சமையல்கட்டு போட்டு, அடுக்குமாடி வீடுகளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சாப்பாடு அனுப்பித் தனியாளாக நிமிர்ந்தவள். எவரையும் லேசில் நம்பமாட்டாள். பீரோ சாவி இடுப்பை விட்டு இறங்காது. அந்த வாய் மட்டும் இல்லையென்றால் என்றைக்கோ அவளை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும். புரோட்டா ஒன்றுதான் அவள் அடுப்பில் வேகாதது. சீனக்காரர் பேட்டையான சோலோனில் இருக்கும் ஷம்சுல் ஆலத்தின் பட்டறையிலிருந்து காலையில் கூடையில் வந்து இறங்கும்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஆண்கள் வெளியே வரும்போது வாசலில் பிரியாணிச் சட்டியோடு நிற்பாள். நாகூர், காரைக்கால் ஆண்பிள்ளை மற்ற நாளில் எங்கே கிடந்தாலும் ஜும்மாவுக்குத் தலைகாட்டாமல் இருக்கமாட்டான். அந்த வாரம் கரண்டியும் கையுமாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஷம்சுல் ஆலம் அத்தர் மணக்க வந்து தட்டை நீட்டினான். அவன் ஆட்கள் ஒருவரும் அவனோடு வரவில்லை. யோசித்துப் பார்த்தால், எந்த வெள்ளியும் பார்த்ததே இல்லை. வெள்ளைக்காரியின் கேள்வி இப்போதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

கரண்டியை ஜெயத்தின் கையில் திணித்துவிட்டு, மோட்டார் சைக்கிள் வாடகைக்காரன் ஒருவனைப் பிடித்து, ஷம்சுல் ஆலம் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் சோலோன் கிளம்பிவிட்டாள்.

பட்டறை ஷட்டரில் வெளியே பூட்டுத் தொங்கியது. உள்ளே மாவு அடிக்கும் சத்தம். தட்டினாள். சத்தம் நின்றது. பக்கத்து ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஒரு முகம் தெரிந்தது.

"லாத்தா, தமிழா நீங்க?"

"ஆமா. நீ யாரு? ஜும்மாவுக்கு வராம உள்ளே என்ன பண்றே?"

"நத்தர்ஷா. நாகூரு. சாவி அவருகிட்டல்ல இக்கிது லாத்தா? பாஸ்போர்ட்டும் அவருகிட்டதான். வந்த அன்னிக்கே பத்திரமா வைக்கிறேன்னு வாங்குனாரு." அவன் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான். "உம்மா படுத்த படுக்கையா கிடக்குது. மூச்சு இக்கிறப்பவே ஒரு தடவை மொகத்தைப் பார்த்துடணும். கேட்டா, நோன்பு முடியட்டும்ங்கிறாரு. எந்த வருஷத்து நோன்புன்னு சொல்ல மாட்டேங்கிறாரு."

ரஹ்மத் நிஷா கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். தன் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்து ஊருக்கெல்லாம் அனுப்பிய புரோட்டா இந்தக் கை போட்டதா!

அதற்குள் ஷம்சுல் ஆலம் தொப்பியோடு வந்து இறங்கினான். "என்ன நிஷா, இந்தப் பக்கம்?"

"பூட்டைத் தொற."

"அவங்க நல்லதுக்குத்தாம்மா பூட்டுறேன். பாஷை தெரியாது. தொலைஞ்சு போனா யாரு பதில் சொல்றது?"

"மாட்டைக்கூடப் பகல்ல அவுத்து விடுவாங்கய்யா! இவங்களை அடைச்சுப் போட்டுட்டு முன் வரிசையில நின்னு தொழுதுட்டு வர்றியே, வெக்கமா இல்லே?"

"வாயை அளந்து பேசு. நாளையிலேருந்து உனக்குப் புரோட்டா கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு என்னத்த அனுப்புறேன்னு பார்க்குறேன்."

"மண்ணை அள்ளி அனுப்புறேன், உனக்கென்ன?"

சந்துப் பக்கம் திரும்பி, வியட்நாமியில் தொண்டை கிழியக் கத்தினாள். உள்ளே கேஸ் அடுப்பு எரிகிறது, ஆட்களை வைத்து வெளியே பூட்டியிருக்கிறான், பற்றிக்கொண்டால் உங்கள் வீடெல்லாம் சாம்பல் என்றாள். நெருப்பு என்றதும் சந்தே கூடிவிட்டது. எதிர்க்கடைச் சீனத்தி இரும்புக் கம்பியோடு வந்து நின்றாள். ஷம்சுல் ஆலத்துக்கு முகம் வெளுத்தது. திறந்தான். நத்தர்ஷாவும் இன்னும் இரண்டு பேரும் வெளியே வந்தார்கள்.

"பாஸ்போர்ட்டு எங்கே? போலீசுக்குப் போன் போடவா, கான்சுலேட்டுக்கா? நீயே சொல்லு."

உள்ளேயிருந்து மூன்று பாஸ்போர்ட்டை எடுத்துவந்து தரையில் விட்டெறிந்தான். நத்தர்ஷா தன்னுடையதைப் பொறுக்கி, கைலியில் துடைத்து, தன் படம்தானா என்று பிரித்துப் பார்த்துக்கொண்டான்.

சாயங்காலம் மூவரும் ரஹ்மத் நிஷாவின் சமையல்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நத்தர்ஷாவுக்கு நாளை மறுநாள் விமானம். ஜெயம் பரிமாறினாள். ஷம்சுல் ஆலத்தைக் கிழித்துத் தொங்கவிட்ட கதையை ரஹ்மத் நிஷா இரண்டாம் தடவையாகச் சொல்லி முடித்தாள்.

"அந்தப் பாஸ்போர்ட்டைக் குடு தம்பி. கிளம்புற வரைக்கும் பீரோவுல பத்திரமா வைக்கிறேன்."

நல்ல மனதோடுதான் கேட்டாள். கப்பலில் வந்து இறங்கிய கடைச் சிப்பந்தியின் காகிதங்களை முதலாளி வாங்கிப் பெட்டியில் வைப்பது அவள் புகுந்த வீட்டில் மாமனார் காலத்து வழக்கம். நத்தர்ஷாவின் கை தட்டிலிருந்து எழுந்து சட்டைப் பையை மூடிக்கொண்டது. சுவரோரமாக நகர்ந்தான்.

"வேணாம் லாத்தா."

"என்னையும் அந்தப் பாவியாட்டம் நினைச்சியா?" என்று சீறினாள். திரும்பினால், ஜெயம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இடுப்பில் தொங்கிய சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரஹ்மத் நிஷா விறுவிறுவென்று உள்ளே போய் பீரோவைத் திறந்தாள். நகைப்பெட்டிக்கு அடியில் கிடந்த ஜெயத்தின் பாஸ்போர்ட்டை எடுத்துவந்து நீட்டினாள்.

"இந்தா. ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா? ஏன்டி கேக்கலே?"

"கேட்டேனேக்கா," என்றாள் ஜெயம். "எங்கப்பா செத்தப்ப கேட்டேன். நோன்பு ஆர்டரு முடியட்டும்னீங்க."

பாஸ்போர்ட்டை வாங்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, மீதிக் குழம்பை நத்தர்ஷாவின் தட்டில் ஊற்றினாள்.