குரங்கின் கையில் குரும்பை

பள்ளிப் படிப்போடு நின்றவள் பயணக் குறிப்பு எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், மன்னியுங்கள்.

பலாபத்வல பஸ் தரிப்பில் உட்கார்ந்து, எதிர்த் தென்னையில் குரும்பை கடிக்கும் குரங்கைக் கொப்பியில் பென்சிலால் படமாகக் கீறுகிறேன். தோட்டக்காரர் குரங்கு விரட்டும் வெடியும் தீப்பெட்டியுமாக வருகிறார்.

"என் தேங்காயத் திங்கிற கள்ளனுக்குப் படமா, தங்கச்சி?"

யாராவது எட்டிப் பார்த்தாலே கொப்பியை மூடிவிடுகிறவள் நான். இன்று மூடவில்லை.

"முடியுற வரைக்கும் வெடி போடாதீங்க, நானா." எங்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன்.

"அதுக்குள்ள குலையே காலியாயிரும்."

"காலியானா அதையும் கீறுறேன்."

முறைக்கிறார். என் பஸ் வந்து போகிறது. நான் எழும்பவில்லை. தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டும் தலை நிமிராமல் வாலைக் கீறுகிறேன். அவர் பற்ற வைத்தது பீடி.

"கையில இருக்கிற குரும்பையக் கீறாம விட்டுராதீங்க. அது என்னோடது."

மறுநாள் அதே தரிப்பில் பஸ் ஏறினேன். மரத்தில் குரங்கும் இல்லை, குரும்பையும் இல்லை.