பேச்சியம்மாளின் மாற்றப்படாத குரல்

அந்தக் குரலை மாற்றாமல் இணையத்தில் ஏற்றியவள் மேகலா அல்லள். நான்!

ஒரகடம் பக்கத்துக் கலைக் கல்லூரியொன்றில் வரலாறு கற்பிக்கிறேன். மன்னர்களை மனப்பாடம் செய்ய இன்று யார் வருகிறார்கள்? துறையை மூடிவிடுவார்களோ என்ற அச்சத்தில் புதுவழி ஒன்று கண்டேன். தொழிலாளரின் வாழ்க்கையை மாணவிகள் ஒலிப்பதிவு செய்வார்கள். கல்லூரியின் இணையதளத்தில் உலகமே கேட்கும்.

மாணவி மேகலாவின் வீடு சேரப்பணஞ்சேரியில். அங்கே வாடகை அறையில் இருந்த பேச்சியம்மாளிடம் என்னை அழைத்துச் சென்றாள். தென்காசிப் பக்கத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்த பெண்.

“எம் பேரு, கொரலு எதுவும் வெளிய தெரிஞ்சிராதுல்லா, டீச்சர்?”

“தெரியாதும்மா. குரல மாத்தித்தான் போடுவோம்” என்றேன்.

தொழிற்சாலையின் உற்பத்தி லைனில் மயங்கி விழுந்ததையும், சூப்பர்வைசர் முகத்தில் தண்ணீர் தெளித்து மீண்டும் நிற்கவைத்ததையும் விம்மி விம்மிச் சொன்னாள்.

மேகலா குரலை மாற்றித்தான் கொடுத்தாள். கேட்டேன்... விம்மல் போய், பொம்மை பேசுவதுபோல் இருந்தது. மறுநாள் இணையக் கருத்தரங்கொன்றில் வெளிநாட்டுப் பேராசிரியர்கள் கேட்கவிருந்தார்கள். அவர்கள் நெகிழ வேண்டாமா? அசலையே ஏற்றினேன். நெகிழ்ந்தார்கள்! என்னைப் பாராட்டினார்கள்!

பதிவு கைபேசி கைபேசியாகப் பரவித் தொழிற்சாலைக்கும் போய்ச் சேர்ந்தது.

“மிஸ், அந்த அக்காவ வேலைக்கி வராதன்ட்டாங்க. ரூம்ல அழுதுகினு கீது. நான் மாத்தித்தான குடுத்தேன்?”

“நீ அனுப்பினது மாத்தாத பழைய ஃபைலும்மா” என்றேன்.

எப்படி வந்தது அந்தச் சொல்? துறையைக் காப்பாற்றவா? இல்லை... என் பெயரைக் காப்பாற்ற! முதல்வரிடமும் அதையே சொன்னேன். மேகலா பேச்சியம்மாளின் காலில் விழுந்தாளாம். பேச்சியம்மாளோ பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாளாம்.

பதிவை நீக்கிவிட்டேன். ஆனால் எந்தெந்த நாட்டில், எவர் கையில் அந்த விம்மல் இன்னும் இருக்கிறதோ...

நேற்று மேகலா வந்தாள். “மிஸ், எந்த ஃபைல யார் ஏத்துனாங்கன்னு சைட்லயே தெரியுமாம். கம்ப்யூட்டர் சார் நாளைக்கிப் பாத்து சொல்றேன்னாரு. நான் இன்னா தப்பு பண்ணேன்னு தெரிஞ்சா போதும் மிஸ்.”

என்னைச் சந்தேகிக்கிறாளா? முகத்தில் அப்படி ஒன்றுமே இல்லை. ஐயோ, சந்தேகித்திருந்தாலாவது...

அவர் பார்ப்பதற்குள் நீயே சொல்லிவிடு என்பீர்கள். இன்று காலை அந்த முடிவோடுதான் வகுப்புக்குப் போனேன். வருகைப் பதிவு எடுத்தேன். மேகலாவின் பெயர் வந்தது.

“உள்ளேன் மிஸ்.”

தலை நிமிராமல், அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.