வெங்கலமாட்டம் கேட்கிற செங்கல்

காய்ந்த பருத்திமாரை முழங்காலில் வைத்து ஒடித்து அடுப்பின் வாய்க்குள் தள்ளிக்கொண்டே வஹீதுன்னிசா கட்டிடத்தின் பெருமையைத் தொடங்கிவிடுவாள். கேட்கிறவர் கீரைக்காரியோ வழி விசாரிக்க நின்ற வண்டிக்காரனோ, அவளுக்கு ஒன்றுதான். “என்ற மாமனார் சொந்தமாச் சூளை போட்டுச் சுட்ட கல்லுங்க. தட்டிப் பாருங்க, வெங்கலமாட்டம் கேக்கும்.”

மாமனார் காசிம் ராவுத்தர், ரயிலில் இறங்குகிற துரைமார்களுக்கும் ஏற்காட்டுத் தோட்டங்களுக்கும் ரொட்டி சுடுவதற்காகச் சூரமங்கலத்துக் கடைசியில் அந்தக் கிடங்கைக் கட்டினார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் அரைத்த சுண்ணாம்பு, சேர்வராயன் அடிவாரத்துத் தேக்கு உத்திரம். இந்த வாய்பாட்டைப் புருசன் இருந்தபோதும் சொன்னாள், அவர் மௌத்தான பிறகும் சொன்னாள். பரமத்தி வேலூரில் வாழ்க்கைப்பட்ட மகள் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், “அம்மா, அந்த உத்திரத்துக்கே நீ நிக்காஹ் ஆகியிருக்கலாம்” என்றாளாம்.

அவள் யாரிடமும் பெருமை பேசாத இடம் ஒன்று உண்டு. அது அடுப்பை ஒட்டிய பின்சுவர். உள்ளே நெருப்பு இருக்கிறவரை அது பிள்ளை உடம்பு மாதிரி வெதுவெதுப்பாக இருக்கும். மழைக்காலத்தில் அந்தத் தெருவில் பெற்றெடுத்த பெண்கள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அதில் முதுகைச் சாய்த்து உட்காருவார்கள். வரும்போது கையோடு நாலு சுள்ளி கொண்டுவருவது வழக்கம். பச்சை உடம்புக்காரி சாய்கிற சுவரைப் பற்றி ஆண்பிள்ளைகளிடம் என்னவென்று சொல்வது?

யுத்தம் வந்து கோதுமை மாவு நின்றது. என்றைக்கோ ஒரு மூட்டை வரும். ஆனாலும் நெருப்பை அடியோடு விட்டால் அடுப்பின் வளைவு விரிசல் விட்டுப்போகும் என்று தினமும் மூட்டினாள். “சுடறதுக்கு ஒண்ணுமில்லாத அடுப்புக்கு நானொரு அடிமை” என்று குஞ்சம்மாளிடம் அலுத்துக்கொள்வாள். குஞ்சம்மாள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் மகள் அப்போதுதான் பெற்றிருந்தாள்.

பாகம் பிரித்ததில் கிடங்கு முழுக்க ஷஃபியுல்லாவுக்குப் போயிருந்தது. மாமனாரின் இளைய தாரத்து மகன், இவளுக்குக் கொழுந்தன். வாழப்பாடியில் ஜவ்வரிசி ஆலை போடுகிறான். மரவள்ளிப் பால் தெளியத் தொட்டி கட்ட வேண்டும், நல்ல செங்கல் எங்கும் கிடைக்கவில்லை. அப்போதுதான் அவனுக்கு அண்ணியின் வாய்பாடு ஞாபகம் வந்தது.

கல்லைப் பார்த்துச் சொல்லக் கொத்தன் சென்றாயனோடு அவன் வந்தான். வஹீதுன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவர்கள் பின்னாலேயே நடந்தாள். ஆயுசில் முதல் தடவையாக அந்தக் கட்டிடத்தை வைய ஆரம்பித்தாள். கல்லெல்லாம் உப்புப் பூத்துவிட்டதாம். உத்திரத்தைச் செல் அரித்துவிட்டதாம். சூளையில் பாதி வேகாத கல்லை வைத்து மாமனாரை யாரோ ஏமாற்றிவிட்டார்களாம். மாமனாரைச் சொன்ன இடத்தில் மட்டும் குரலைத் தணித்துக்கொண்டாள்.

“ஏனுங்க கொத்தரே, பெயர்த்தா மண்ணாக் கொட்டிப்போகுமுங்க. வண்டிக் கூலிக்குக்கூடத் தேறாது.”

சென்றாயன் பின்சுவரின் மூலைக்குப் போய்ச் சுத்தியலால் ஒரு போடு போட்டான். ஒரு சில்லு தெறித்தது. சத்தம் வெங்கலமாட்டம் கேட்டது. அடங்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

“இது மாதிரிக் கல்லு இனி யாரு சுடப்போறாங்க, சாயபு” என்றான் சென்றாயன், மரியாதையாக.

ஷஃபியுல்லா சிரித்தான். கெட்ட சிரிப்பில்லை. “நீங்க இத்தன வருசமாச் சொன்னது பொய்யில்லீங்க அண்ணி.” இடிக்கிற ஆட்களோடு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் வருவதாகவும், அவள் மகளோடு போய் இருக்கலாம், தானே வண்டி வைத்து அனுப்புவதாகவும் சொல்லிவிட்டுப் போனான்.

சுவரின் மறுகோடியில் குஞ்சம்மாளின் மகள் பிள்ளையைப் போட்டுக்கொண்டு கண்ணயர்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் கொண்டுவந்த சுள்ளி கிடந்தது.

வஹீதுன்னிசா குனிந்து தரையில் துழாவி அந்தச் சில்லை எடுத்தாள். முந்தானையில் மண்ணைத் துடைத்தாள். தெறித்த பள்ளத்தில் அதைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்து, பொருந்தியதும், விழாமல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.